ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவே

குடியேற்றத்தின் இரண்டாம் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், வீட்டுக்குள் ஏறுகிற எல்லாருக்கும் கடைசிப் படியில்தான் கால் பிழைத்தது. முதற்படி சரி. இரண்டாம் படி சரி. அதற்கு மேல் வீட்டுத் தளத்தில் காலை வைக்கும்போது, கால் நினைத்த இடத்துக்கு முன்பாகவே சீமெந்து வந்து உள்ளங்காலில் மோதியது. தண்ணீர்க் குடத்தோடு ஏறியவர்கள் வாசலை நனைத்தார்கள். வீடு மந்திரிக்க வந்த சுவாமியார் தீர்த்தத்தில் பாதியைத் தன் அங்கியிலேயே ஊற்றிக்கொண்டார். முகாமில் தறப்பாளுக்குக் கீழே மண் தரையில் நடந்து பழகிய கால்கள்தானே, படி பழகக் கொஞ்சக் காலம் செல்லும் என்று எல்லாரும் தங்கள் கால்களையே குறை சொன்னார்கள்.

காலை நம்பியவள் இமெல்டா ஒருத்திதான். அவள் தையற்காரி. ஓலைத்தொடுவாயில் பிறந்து, வெள்ளாங்குளத்தில் வாழ்க்கைப்பட்டு, சண்டையோடு சண்டையாக ஓடி, முகாமுக்குள் கிடந்து, கடைசியில் வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட இந்தப் புதுக் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தவள். ஆளின் தோளைப் பார்த்தே சட்டை அளவு சொல்லக்கூடிய கண் அவளுக்கு. முதலாம் ஒழுங்கையில் ஒரு பிள்ளை கோயிலில் முதல்நன்மை வாங்கப் போடும் சட்டைக்கு அளவெடுக்கப் போனவள், திரும்பும்போது அந்த வீட்டு வாசலில் குந்தி, கழுத்தில் தொங்கிய தையல் நாடாவைப் படிகளோடு வைத்துப் பார்த்தாள். ஆறு, ஆறு, ஆறு. தன் வீட்டுக்கு வந்து அங்கேயும் வைத்துப் பார்த்தாள். ஆறு, ஆறு, நாலு.

பொழுதுபடுவதற்குள் இரண்டாம் ஒழுங்கை முழுவதும் அந்தக் கணக்கு பரவிவிட்டது. முதலாம் ஒழுங்கை வீடுகளின் தளம் நிலத்திலிருந்து பதினெட்டு அங்குல உயரம். இரண்டாம் ஒழுங்கை வீடுகளின் தளம் பதினாறு. இரண்டு அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். மாரியில் வயல் நிரம்பி, வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் வாசற்படியில் வந்து குந்தியிருக்கும் அந்த ஊரில், இரண்டு அங்குலம் என்பது படுத்திருக்கும் பாய் நனையுமா நனையாதா என்பது.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்றும் இருந்தது. முதலாம் ஒழுங்கையில் இருந்தவர்கள் இந்தியாவில் அகதி முகாம்களில் காலம் கழித்துத் திரும்பிய குடும்பங்கள். இரண்டாம் ஒழுங்கைக்காரர் இங்கேயே அடிபட்டவர்கள். கட்டிக்கொடுத்தது ஒரே நிறுவனம். வரைபடமும் ஒன்றுதான். அந்த வரைபடத்தை வரைந்தவள் வசந்தமலர். இந்தியாவிலிருந்து திரும்பியவள். அவளுடைய வீடு முதலாம் ஒழுங்கையில்.

“அங்கால இருந்து கப்பலேறி வந்தவைக்கு ஆறு இஞ்சி, இஞ்ச கிடந்து செத்தவைக்கு நாலு இஞ்சி,” என்றாள் இமெல்டா, குழாய்க் கிணற்றடியில் எல்லாருக்கும் கேட்கும்படியாக.

வசந்தமலரும் அங்கே குடத்தோடு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் ஒழுங்கை குறித்துவைத்துக்கொண்டது.

வசந்தமலர் யாரையும் நம்பாதவள் என்பது ஊர் அறிந்த கதை. அவள் அதை மறைத்ததும் இல்லை. நிறுவனத்தின் அலுவலகமாக, கந்தோர் என்று பெயர் வைத்திருந்த தகரக் கொட்டிலில் அவளுடைய மேசை லாச்சிக்கு மட்டும் இரண்டு பூட்டு. யாராவது பேனை கேட்டால் மூடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பேனையைக் கொடுப்பாள். மூடியில்லாத பேனையை ஒருத்தரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகமாட்டார்கள் என்பது அவளுடைய கணிப்பு. சீனிப் போத்தலில் சீனி எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்து வைத்துவிட்டுத்தான் வெளியே போவாள். அவளைப் பெண் பார்க்க நறுவிலிக்குளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் போனதும், சொன்ன விலாசம் மெய்தானா என்று பஸ் ஏறிப் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். விலாசம் மெய்தான். விசாரித்த கதை மாப்பிள்ளையின் காதுக்குப் போய்விட்டது. கலியாணம் அதோடு நின்றது.

அந்தக் குணம் அவளுக்குச் சின்ன வயதில், தமிழ்நாட்டு முகாமொன்றில் பிடித்தது. குடும்ப அட்டையில் ஆட்களின் தொகை எழுதும் கட்டத்தில் நாலு என்று எழுதியவர், அந்த இலக்கத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் யாரோ ஒரு கோடு இழுத்துப் பதினாலு ஆக்கிவிட்டார்கள். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஆனால் மிச்சப் பத்துப் பேரையும் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அவளுடைய தகப்பனைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக் கேட்டார்கள். திரும்பி வந்த மனிதர் அதன் பிறகு வீட்டுக்குள்ளும் மெதுவாகத்தான் கதைத்தார். அன்றிலிருந்து வசந்தமலர் எழுதிய இலக்கங்களுக்கு நடுவே எறும்பு நுழைய இடம் இருந்ததில்லை.

பள்ளிக்கூடம் முடித்து, அங்கேயே கட்டட வரைபடம் வரையும் படிப்பும் படித்தாள். அந்தச் சான்றிதழோடு ஊருக்கு வந்தபோது இங்கே ஒரு கந்தோரும் அதை ஏற்கவில்லை. எல்லாக் கதவுகளும் மூடிக் கிடந்த நேரத்தில்தான் இந்த வீட்டுத்திட்ட வேலை கிடைத்தது. இதை விட்டால் வேறு வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் இறுக்கமாக எழுதினாள்.

கிணற்றடிக் கதை நடந்து சில நாட்களில் ஜெகதீபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் நிறுவனத்தின் தொழில்நுட்ப அலுவலர். இளவயது, எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதைத்தான்.

“மிஸ், விசயம் அரசாங்கக் கச்சேரி வரைக்கும் போயிட்டுது. இது தீருற வரைக்கும் மூண்டாம் ஒழுங்கையில ஒரு கல்லும் வைக்கேலாது. சனிக்கிழமை முன்பள்ளியில கூட்டம். அதில ஒரு ஆளின்ரை பேர் சொல்லவேணும்.”

“என்ன பேர்?”

“பிழை விட்ட ஆளின்ரை பேர். பிளான் உங்கட. முதலில உங்களைத்தான் கேப்பினம்.”

அவள் இரண்டு பூட்டுகளையும் திறந்து, மூல வரைபடத்தை எடுத்து விரித்தாள். மெல்லிய கண்ணாடித் தாளில் அவளே மையால் வரைந்தது. வீட்டின் குறுக்குவெட்டில், நிலத்திலிருந்து தளம் வரைக்கும் அம்புக்குறி போட்டு 1'6" என்று எழுதியிருந்தாள். ஒரு அடி, ஆறு அங்குலம். ஆகப் பதினெட்டு.

ஜெகதீபன் குனிந்து பார்த்தான். “சரியாத்தான் இருக்கு. அப்ப மேசன்தான்.”

“ஏரம்பு அண்ணை சீமெந்து மிச்சம் பிடிச்சிருப்பார்,” என்றாள் வசந்தமலர்.

அவள் அதைப் பெரிய யோசனையோடு சொல்லவில்லை. முதலாம் ஒழுங்கையைக் கட்டியது வேறு மேசன். அந்த வேலை நடந்த நேரம் அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு அளவையும் வாயால் சொல்லிக் கட்டுவித்தாள், தன் வீட்டையும் சேர்த்து. இரண்டாம் ஒழுங்கை ஏரம்புவின் பொறுப்பு. அவள் அங்கே போகவில்லை. கந்தோரில் மூன்றாம் ஒழுங்கைக்கான வேலையில் இருந்தாள். பார்க்காத இடத்தில் மனிதர்கள் எதையாவது எடுப்பார்கள். அவளுக்கு அது வெயில் சுடும் என்பது போன்ற ஒரு சாதாரண அறிவு.

“அது காணும், அந்தப் பேர் போதும்,” என்றான் ஜெகதீபன். “மூண்டாம் ஒழுங்கை வேலை ஏரம்பருக்கு இல்லை. கூட்டத்தில சொல்லுவம். சனமும் அடங்கிடும்.”

மோட்டார் சைக்கிள் போய் மறைந்த பிறகுதான், அவன் ஏன் இவ்வளவு கெதியாக ஒத்துக்கொண்டான் என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது.

அடுத்த நாள் காலமை ஏரம்பு வந்தார். வெள்ளாங்குளத்தில் வயல் செய்கிறவர். வயல் இல்லாத காலத்தில் மேசன். உள்ளே வரவில்லை. கொட்டில் வாசலில் நின்று, கையில் கொண்டுவந்த பனஞ்சலாகைத் துண்டை நிலத்தில் ஊன்றினார்.

“பிள்ளை, நான் சீமெந்து களவெடுத்தனானாம். ஆர் சொன்னது?”

“ஊர் சொல்லுது.”

“ஊருக்கு ஆர் சொன்னது?”

வசந்தமலர் கதிரையை இழுத்துப் போட்டாள். “உள்ள வந்து இருங்கோ அண்ணை,” என்றாள்.

“களவெடுத்தவன் உள்ள வரலாமோ? உங்கட சீனிப் போத்திலும் உள்ளதானே இருக்கு.” சலாகையை அவளிடம் நீட்டினார். “இதை அளவுங்கோ.”

அது அவருடைய அளவுக்கம்பு. ஏரம்பு ஒவ்வொரு வீட்டிலும் நாடா பிடிக்கிற ஆள் இல்லை. ஒரு வேலை தொடங்கும்போது வரைபடத்தைப் பார்த்து, தள உயரத்துக்கு ஒரு சலாகையை வெட்டிக்கொள்வார். பிறகு வரைபடம் சட்டைப்பைக்குள் போய்விடும். வீட்டுக்கு வீடு கம்புதான் பேசும். நாடா பிழைக்கும், கம்பு பிழைக்காது என்று பெருமையாகச் சொல்வார். வசந்தமலர் நாடாவை வைத்துப் பார்த்தாள். பதினாறு அங்குலம், நூல் பிசகாமல்.

“பிளானில பதினெட்டு எல்லோ அண்ணை.”

“என்ரை பிளானில பதினாறு.”

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த போட்டோக் கொப்பியை எடுத்து விரித்தார். அதே வீடு, அதே அம்புக்குறி, அவளுடைய கையெழுத்து. ஆனால் அங்கே 16" என்றுதான் இருந்தது.

அவள் தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். அழித்த அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தாள். பின்பக்கம் திருப்பி, விரல் நுனியால் தடவினாள். மணந்தும் பார்த்தாள்.

“என்ன, கருவாடோ?” என்றார் ஏரம்பு. “நான் பிளானில கை வைக்கிறவன் இல்லை. அது சரி, நான் வந்து கேட்டது உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?”

“என்ன கேட்டனீங்கள்?”

“ரெண்டு படி ஆறாறு இஞ்சி வருது, மேல நாலுதான் மிஞ்சுது, இது சரியோ எண்டு இந்த வாசலில நிண்டு கேட்டனான். நீங்கள் தலை நிமிரேல்லை. ‘படத்தில இருக்கிற மாதிரிக் கட்டுங்கோ. உங்கட புத்தியை இதுக்குள்ள விடாதேங்கோ’ எண்டு சொன்னனீங்கள். நானும் விடேல்லை. கோபத்தில ஒரு வீட்டிலயும் விடேல்லை.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அளவைப் பற்றி மேசன் கேள்வி கேட்டால், குறைப்பதற்கு இடம் பார்க்கிறான் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

“இந்தக் கொப்பியை எனக்குத் தாங்கோ.”

“தரமாட்டன். இது ஒண்டுதான் என்ரை சாட்சி. பாத்தாச்சுத்தானே?” ஏரம்பு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கம்பையும் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நடுவில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். மூல வரைபடத்தைப் பட்டினத்துக்குக் கொண்டுபோய்க் கொப்பி எடுத்தவன் ஜெகதீபன். அடியைக் குறிக்கும் ஒற்றைக் கோட்டின் மேல் வெள்ளை பூசினால் போதும். கொப்பி எடுத்த பிறகு சுரண்டிவிடலாம். வீட்டுக்கு இரண்டு அங்குலம் மிச்சம் பிடித்தால் ஒழுங்கைக்கு எத்தனை மூட்டை சீமெந்து. அதுதான் மேசனின் பெயரைச் சொன்னதும் அவ்வளவு கெதியாகத் தலையாட்டினான். எல்லாம் அழகாகப் பொருந்தியது. வரைபடத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்து, மன்னாருக்குப் பஸ் ஏறினாள். பஸ் தாம்போதியில் ஏறிக் கடலைத் தாண்டும்போதும் குழாயை மடியை விட்டு எடுக்கவில்லை.

பஜாரில் ஜுனைதீனின் கடை. புத்தளத்தில் இருபது வருசத்துக்குக் கிட்ட இருந்துவிட்டுத் திரும்பிவந்து, போட்டோக் கொப்பி மெசின் ஒன்றும் குளிர்பானப் பெட்டி ஒன்றும் வைத்துத் தொடங்கிய கடை.

“நானா, வீட்டுத்திட்டப் பிளான் கொப்பி எடுக்க உங்களிட்ட ஆர் வந்தது?”

“மோட்டார் சைக்கிளில வாற சேர்.”

“வரேக்க அதில வெள்ளை ஏதும் பூசியிருந்ததோ?”

ஜுனைதீன் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். “தங்கச்சி பொலிசோ?”

“இல்லை.”

“அப்ப சரி. பொலிசெண்டால் சோடா தரவேணும்.” கையை நீட்டினார். “தாங்கோ, இப்பவே எடுத்துப் பாப்பம்.”

அவள் குழாயிலிருந்து வரைபடத்தை எடுத்தாள். அவர் மெசினில் வைக்கும்வரைக்கும் ஒரு மூலையைத் தன் விரலால் பிடித்துக்கொண்டே இருந்தாள். மூடி இறங்கியது. பச்சை வெளிச்சம் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஓடியது. தாள் சூடாக வெளியே வந்தது.

16".

“கறுப்பைக் கூட்டி எடுங்கோ.”

கூட்டி எடுத்தார். வீட்டுச் சுவர் தார் பூசியது போல வந்தது. அளவு பதினாறாகவே இருந்தது. வசந்தமலர் காசைக் கொடுத்துவிட்டு வெளியேறி, இரண்டு கடை தள்ளி இன்னொரு மெசினில் எடுத்தாள். அங்கேயும் பதினாறு. திரும்பி ஜுனைதீனிடமே வந்தாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அவரும் என்னோட கூட்டுத்தான், என்ன?”

அவள் மூல வரைபடத்தையும் கொப்பியையும் கண்ணாடிப் பெட்டியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூலத்தில் அடிக்கான ஒற்றைக் கோடு இருந்தது; ஒன்றின் தோளோடு ஒட்டி, மயிர் மாதிரி, அவளைத் தவிர மற்றவர்கள் தேடித்தான் காணவேண்டிய மாதிரி. அதற்குப் பிறகு ஒரு இடைவெளியும் இல்லாமல் ஆறு. கடைசியில் அங்குலத்துக்கான இரட்டைக் கோடு மட்டும் வேலியில் ஊன்றிய கதியால் தடி மாதிரி அழுத்தமாக. அதற்கு அப்பால் ஒருத்தரும் ஒன்றும் சேர்க்கக்கூடாதே. மெசின் மயிரை விட்டுவிட்டுக் கதியாலை எடுத்துக்கொண்டது.

“தங்கச்சி, ஒண்டையும் ஆறையும் ஏன் இப்படிக் கட்டிப்பிடிக்க விட்டனீங்கள்?” என்றார் ஜுனைதீன், தாளுக்கு மேல் குனிந்து. “கொஞ்சம் தள்ளி நிக்க விட்டிருக்கலாமே. இஞ்ச பாருங்கோ, இதில கதவு உயரம் எழுபது எண்டு கிடக்கு. எழுபதடிக் கதவுக்குள்ளால ஆர் போறது, யானையோ?”

அவள் பஸ் நிலையத்தில் குந்தியிருந்து கொப்பி முழுவதையும் வாசித்தாள், தான் எழுதாத ஒன்றை வாசிப்பது போல. அடியல்ல அங்குலம் என்பதைத் தவிர அவர் சொன்னது சரி. 7'0" என்று அவள் நெருக்கி எழுதியது எழுபதாக வந்திருந்தது. 3'0" முப்பதாக வந்திருந்தது. ஆனால் கதவு ஏழடி, வாசல் மூன்றடி என்பது எந்த மேசனுக்கும் கைப்பழக்கம். ஏரம்பு அந்த இலக்கங்களைப் பார்த்தே இருக்கமாட்டார். தள உயரம் அப்படியில்லை. அது ஊருக்கு ஊர், நிலத்துக்கு நிலம் மாறும். பதினாறும் நடக்கும், பதினெட்டும் நடக்கும். படத்தை நம்பியே கட்டவேண்டிய ஒரே அளவு அதுதான்.

படிக்கிற காலத்தில் ஆசிரியர் ஒவ்வொரு நாளும் சொன்னார்: அடியை எழுது, ஒரு சிறு கோடு போடு, இடம் விடு, பிறகு அங்குலத்தை எழுது, அங்குலம் இல்லாவிட்டால் பூச்சியம் எழுது, அடிக் குறியைத் தெரியும்படி போடு. அவள் கேட்கவில்லை. இடம் விட்டால் யாராவது எதையாவது செருகுவார்கள். ஆசிரியர் அதற்காக மதிப்பெண் குறைத்தபோது, அவருக்குத் தன்மேல் ஏதோ எரிச்சல் என்று நினைத்தாள்.

ஒருத்தரும் கை வைக்கவில்லை. ஒரு குற்றவாளி இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது மற்ற யோசனை வந்தது. மூலத்தில் அந்தக் கோடு இருக்கிறது. கூட்டத்தில் விரித்துக் காட்டினால், தேடிப் பார்க்கிறவருக்குத் தெரியும். எங்கே தேடுவது என்று காட்ட அவளுக்குத் தெரியும். மேசனின் பெயர் ஏற்கெனவே ஊரில் கிடக்கிறது. ஏரம்புவுக்கு மூன்றாம் ஒழுங்கை வேலை போகும். களவெடுத்தவர் என்ற பெயர் நிற்கும். ஆனால் அவருக்கு வயல் இருக்கிறது. அவளுக்கு இந்த வேலையை விட்டால் ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்தால் போதும். பொய் கூடச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளாங்குளத்தில் இறங்கும்வரைக்கும் அந்த யோசனை நல்ல யோசனையாகவே இருந்தது. கிரவல் பாதையில் நடக்கும்போதுதான் தகப்பனின் ஞாபகம் வந்தது. அட்டையில் கோடு இழுத்தவன் யாராக இருந்தாலும், அவன் செய்த வேலையும் அதுதான். பேசாமல் இருந்தான்.

சனிக்கிழமை முன்பள்ளியில் இரண்டு ஒழுங்கைகளும் கூடின. அங்கே இருந்தவை சின்னப்பிள்ளைகளின் கதிரைகள். பெரியவர்கள் முழங்கால் நாடியில் முட்ட அவற்றில் குந்தியிருந்தார்கள். ஏரம்பு இருக்கவில்லை, அளவுக்கம்பை ஊன்றிக்கொண்டு சுவரோரம் நின்றார். இமெல்டாவின் கழுத்தில் நாடா கிடந்தது.

ஜெகதீபன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். “வரைபடம் சரியாத்தான் இருக்கு. நாங்கள் பரிசோதிச்சுப் பாத்திட்டம். கட்டின இடத்திலதான்...”

“சேர், கொஞ்சம் பொறுங்கோ,” என்று வசந்தமலர் எழும்பினாள். மன்னாரில் எடுத்த கொப்பிகளை முன்வரிசையில் கொடுத்தாள். “இமெல்டாக்கா, அந்த அம்புக்குறிக்குப் பக்கத்தில என்ன இருக்கெண்டு வாசியுங்கோ.”

இமெல்டா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதில் என்ன பொறி இருக்கிறது என்று தேடுகிறாள் என்பது தெரிந்தது. “பதினாறு,” என்றாள், அரைமனத்தோடு.

“நான் எழுத நினைச்சது ஒரு அடி ஆறு அங்குலம். பதினெட்டு. எழுதின விதத்தில கொப்பியில பதினாறா வந்திட்டுது. ஏரம்பண்ணை படத்தில இருந்ததைத்தான் கட்டினவர். சந்தேகப்பட்டு வந்து கேட்டவர். நான்தான் பேசித் துரத்தினனான்.” அவள் ஏரம்புவின் பக்கம் திரும்பினாள். “சீமெந்து எடுத்தார் எண்டு சொன்னதும் நான்தான். அதுவும் பிழை.”

ஒரு சின்னக் கதிரை கிறீச்சிட்டது.

பின்வரிசையில் மெதுவாகத் தொடங்கியது. “ஏன் இப்ப தானா வந்து ஒத்துக்கொள்ளுறாள்?”

“சேரைக் காப்பாத்தத்தான். வேறென்ன.”

“சேரையோ, மேசனையோ?”

“ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். இவள் பேனை மூடியே குடாதவள், பிழையைச் சும்மா தூக்கித் தருவாளோ?”

ஜெகதீபன் அவள் பக்கம் சாய்ந்து, பல்லுக்குள்ளால் கேட்டான்: “மிஸ், உங்களுக்கு வேலை வேண்டாமோ?”

“ஆமா, வேணும்,” என்றாள் அவள். பதறும்போது மட்டும் அவளுடைய வாயில் ‘ஓம்’ போய் முகாமின் ‘ஆமா’ வந்துவிடும். பின்வரிசையில் யாரோ அந்த ‘ஆமா’வைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள்.

அப்போது ஏரம்பு கம்பால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார். “ஆர் ஆரைக் காப்பாத்தினால் என்ன, வெள்ளம் வரப்போகுது. தளத்துக்கு மேல ரெண்டு இஞ்சி கொங்கிறீற் போட்டு உயர்த்தலாம். கதவுகளைக் கழட்டி அடியில ரெண்டு இஞ்சி சீவவேணும். சீமெந்தை நிறுவனம் தரட்டும், கையை நான் தாறன்.” பிறகு வசந்தமலரைப் பார்க்காமலே சேர்த்துச் சொன்னார்: “மூட்டையை எண்ணித் தாங்கோ. பிறகு கதை வரும்.”

நிறுவனம் சீமெந்து கொடுத்தது. வசந்தமலரை உடனே நிறுத்தவில்லை. மூன்றாம் ஒழுங்கை முடியும்வரைக்கும் பார்ப்போம் என்று எச்சரித்து வைத்தது. அவளுடைய வரைபடம் எதுவும் கட்டுகிற மேசனின் வாயால் வாசிக்கப்படாமல் கந்தோரை விட்டுப் போகக்கூடாது என்ற விதியை அவளே கேட்டு ஏற்படுத்தினாள். மூன்றாம் ஒழுங்கைக்கும் ஏரம்புதான் மேசன். அவர் வாசலில் நின்றபடி, கொப்பியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு அளவையும் வேண்டுமென்றே உரத்த குரலில் வாசிப்பார். “ஒரு அடி, கோடு, ஆறு இஞ்சி. சரியோ பிள்ளை? ஏழு அடி, கோடு, பூச்சிய இஞ்சி. பூச்சியத்தையும் கட்டவேணுமோ?” அவள் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்பாள். உள்ளே வந்து இருக்கச் சொன்னாலும் அவர் வரமாட்டார்.

புது வரைபடத்தில் 1'-6" என்று எழுதியபோது, ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவே அவள் விட்ட இடம் அவளுக்கே ஒரு திறந்த வேலிப் படலை மாதிரித் தெரிந்தது. யாரும் எதையும் கொண்டுவந்து வைக்கலாம். அன்றைக்கு லாச்சியை இரண்டு முறை பூட்டிப் பார்த்தாள்.

மாரி தொடங்குவதற்கு முன்னமே இரண்டாம் ஒழுங்கையில் தளங்கள் உயர்ந்தன. இமெல்டாவின் வீட்டுச் சீமெந்து காய்ந்த பிறகு, வசந்தமலர் கந்தோர் நாடாவோடு அளந்து பார்க்கப் போனாள். இமெல்டா கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பதினெட்டு, அக்கா.”

“உங்கட கந்தோர் டேப்தானே.”

“உங்கட நாடாவை வைச்சுப் பாருங்கோ.”

இமெல்டா கழுத்திலிருந்து நாடாவை உருவி, குந்தி, நிலத்திலிருந்து தளம் வரைக்கும் பிடித்தாள். அவள் வாய் திறக்க முன்னமே வசந்தமலர் கேட்டாள்: “அது பழைய நாடா. இழுபட்டிருக்காதோ?”

“என்னது? என்ரை நாடா இழுபட்டதோ?”

“துணி நாடா இழுபடும்தானே அக்கா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு நாடாக்களையும் புதுச் சீமெந்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, ஆளுக்கொரு நுனியில் விரலை வைத்து அழுத்தினார்கள். கோட்டுக்குக் கோடு ஒன்றாகத்தான் இருந்தது.

“ரெண்டும் கூடிக் கதைச்சுப் பொய் சொல்லுது போல,” என்றாள் இமெல்டா. ஆனால் சிரிப்பு முகத்தின் ஒரு மூலையில் வந்து நின்றது. எழும்பி, குசினிப் பக்கம் போய், விளிம்பு வரைக்கும் நிரப்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். திரும்பிப் படியின் முன்னால் வந்து நின்றாள். கீழே பார்க்கவில்லை. முதற்படி. இரண்டாம் படி. மூன்றாவதாகக் காலைத் தூக்கித் தளத்தில் வைத்தாள்.

குடத்தில் தண்ணீர் அலம்பியது. சிந்தவில்லை.

“நாளைக்கும் ஒருக்கா ஏறிப் பாத்திட்டுச் சொல்லுறன்,” என்றாள் இமெல்டா.

“சரி அக்கா. நான் நாளைக்கு வாறன்,” என்றாள் வசந்தமலர். இமெல்டாவின் இடத்தில் இருந்திருந்தால் தானும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.